கயிறு பிடிக்கிறவர்

டொமினிக் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. கறிக் குழம்பு அன்று நன்றாகவே வந்திருந்தது.

"இன்னா டொமி, காரம் ஜாஸ்தியா?" என்றார் அப்பாதுரை.

"போதும்."

"எலும்பு அப்படியே கீதே."

டொமினிக் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டை எடுக்காமலே தெருவில் இறங்கினார். மழை இல்லைதான். டிசம்பர் முதல் ஞாயிறு. மர்பி டவுனில் மூன்று நாளாக நல்ல வெயில்.

சங்கமித்ரா கையில் தாள்களை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தனக்கோடி அக்கா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"படிச்சது போதும், எடுத்து வை," என்றார்.

நான் அந்த வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மனைவி வைஷ்ணவி இறந்த பிறகு அங்கிருந்த அப்பார்ட்மென்டை விட்டு இங்கே வந்தேன். ஆபீசுக்குத் தூரம் அதிகம். பரவாயில்லை. ஞாயிறு மதியம் அக்கா எனக்கும் சேர்த்துச் சமைப்பார். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். டொமினிக்கும் அந்த ஞாயிறுச் சாப்பாட்டுக்கு வருவார். அவர் என்னைவிடப் பழைய ஆள். சங்கமித்ரா பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறார்.

சங்கமித்ரா அப்பாதுரைக்கும் அக்காவுக்கும் ஒரே பெண். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, இரண்டு வருடம் ஒரு கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதி, அதை விட்டுவிட்டு இப்போது பிஎச்.டி. செய்கிறாள். படைப்பிலக்கியத்தில். அதாவது ஆய்வேட்டில் பெரும்பங்கு அவளே எழுதும் ஒரு நாவல். மீதி, அந்த நாவலை ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு நீண்ட கட்டுரை. தெருவில் இதை நம்பவைப்பது கஷ்டமாக இருந்தது.

"கதை எழுதறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம்.

"ஏன், கதை பேசறதுக்கும் கொடுத்தா உனக்கு ரெண்டு கிடைக்கும்," என்றாராம் தனக்கோடி அக்கா.

நாவலை ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். அவளுக்கு வழிகாட்டும் சௌம்யா மேடம், யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு, அவர்கள் சொல்வதைக் கட்டுரையில் சேர் என்று சொல்லியிருந்தார். அதனால் அந்த ஞாயிறு, சாப்பாடு பரிமாறும்போதே, தாளைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு அத்தியாயத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வரும் இடத்தில் அம்மா வெட்கப்பட்டார். மூன்றாவது அத்தியாயத்தில் அப்பா விழுந்து செத்துப்போனார்.

அப்பாதுரை பெயின்டர். வெளிச்சுவர் பெயின்டர். உயரமான அப்பார்ட்மென்டுகளில் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள். பலகையில் உட்கார்ந்து, பக்கெட்டை இடுப்புப் பக்கம் கட்டிக்கொண்டு, சுவரை அடித்துக்கொண்டே மாடி மாடியாக இறங்க வேண்டும். கயிற்றின் மறுமுனை மேலே ஒரு தூணில் சுற்றியிருக்கும். அதைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவர் டொமினிக். இருவருக்கும் நடுவில் பேச்சு கிடையாது. கயிற்றை ஒருமுறை தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் இறக்கு. பத்தாவது மாடியிலிருந்து கத்தினால் காற்றுக்குத்தான் கேட்கும் என்பார் அப்பாதுரை.

நாவலில் பெயர்கள் வேறு. பெயின்டர் பெயர் ராஜு. கயிறு பிடிக்கிறவர் பெயர் ஜோசப். ஜோசப்புக்கு போன் வருகிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கயிற்றைத் தூணில் சுற்றுகிறார். முடிச்சு சரியாக விழவில்லை. அவ்வளவுதான்.

டொமினிக் போன பிறகு அப்பாதுரை மோர் ஊற்றிச் சாப்பிட்டார். யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

"மித்ரா, ஒண்ணு கேக்கறேன். என் சாவுக்கு நாப்பது பேரு வந்தாங்கன்னு எழுதிகிறியே."

"ஆமா நைனா."

"நாப்பதா? நம்ம தெருவே எரநூறு தேறும். அல்சூர்ல இருந்து வருவாங்க. ஆனேக்கல்ல இருந்து உங்கம்மா ஜனம் ஒரு பஸ்ஸு வரும். நாப்பது பேர்ல எவன் தூக்கறது, எவன் அழுவறது?"

"அது கதை நைனா."

"கதைன்னா கஞ்சத்தனமா எழுதணும்னு சட்டமா?"

"வாய மூடிக்கினு துன்னு," என்றார் தனக்கோடி அக்கா. "அந்த மனுசன் சாப்பாட்ட வுட்டு எழுந்து போய்க்கிறாரு. உனக்குக் கூட்டம் பத்தல."

"காரம்னுதானே போனான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

மறுநாள் அப்பாதுரை வேலைக்குப் போய், மதியத்துக்குள் திரும்பிவிட்டார். அப்போது அவர்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. புதுக் கட்டடம், மஞ்சள் நிறம், மேம்பாலத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. மழை முடிந்து வெளிச்சுவர் வேலைக்கு நல்ல பருவம். அந்தப் பருவத்தில் ஒரு பெயின்டர் பகலில் வீட்டில் இருப்பது தெருவுக்கே வித்தியாசமாகத் தெரிந்தது.

சாயங்காலம் நான் வந்தபோது அவர் வாசல் கேட்டுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, லீவா?"

"டொமி எனக்குக் கயிறு புடிக்க மாட்டானாம். சூப்பர்வைசர் உமேஷ் கிட்ட வேற ஆளுக்கு மாத்திக் கேட்டுக்கினான்."

"என்ன சொன்னார்?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வேன்ல முன்னாடி சீட்ல போயி உக்காந்துக்கினான். முப்பது வருசத்துல அவன் முன் சீட்ல உக்காந்தத நான் பாத்ததில்ல." பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார். "உமேஷ் எனக்கு வேற ஆளு கொடுத்தான். நல்ல ஆளுதான், ஒரிசாக்காரன். ஆனா பலகைல உக்காரப் போனா காலு போவல தம்பி. கயித்த யாரு புடிச்சிக்கினு இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறேன். பாத்துக்கினே எப்படி எறங்கறது? எனக்கு வேற கை வேணாம்னு சொல்லி வந்துட்டேன்."

"அவர்கிட்ட நேரா கேட்டீங்களா?"

"இன்னான்னு கேப்பேன்? அவன் போன்ல பேசினதா எழுதினது என் பொண்ணு. சைட்ல எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சு. நான்தான் சொன்னேன், வாய் சும்மா இருக்காம, தமாஷா இருக்கட்டும்னு. 'டொமினிக், போன் வருது பாரு, போன் வருது பாரு'ன்னு காலைலருந்து ஓட்டறானுங்க."

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார். கேட் முடிந்து ஜன்னல் கம்பி, ஜன்னல் முடிந்து மாடிப்படிக் கைப்பிடி. வீடு முழுக்க டர்பன்டைன் வாசனை. அக்கா காலையில் வாசலில் இட்லி விற்கிறவர். இட்லியில் வாசனை ஏறுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"இன்னைக்கு இன்னாத்துக்கு அடிக்கப் போற?" என்று அக்கா கேட்டார்.

"ஃபிரிட்ஜ் கலர் மங்கிப் போச்சு."

"ஃபிரிட்ஜ் மேல கைய வெச்ச, நெசமாவே சாவு விழும் இந்த வீட்ல."

சங்கமித்ரா ஹாலில் புத்தர் படத்துக்குக் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் டைப் செய்யவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் கேனை நான் இறக்கி வைத்தபோது என்னிடம் பேசினாள்.

"சஞ்சய், நான் செஞ்சது தப்பா?"

"தெரியலை."

"இல்ல, சொல்லுங்க."

"எனக்கு நாவல் பத்தித் தெரியாது."

அவள் லேப்டாப்பை மூடினாள். "ஸ்கூல் படிக்கிறப்போ தினமும் நாலு மணிக்கு வந்ததும் நைனா செருப்பு வாசல்ல இருக்கான்னுதான் பார்ப்பேன். இல்லன்னா விழுந்துட்டார்னு நினைப்பேன். மனசுக்குள்ள தினமும் அவர விழவெச்சிருக்கேன். போன வருஷம் அத எழுதினதுக்கு அப்புறம்தான் அந்த நினைப்பு நின்னுச்சு. சௌம்யா மேடமும் அதுதான் நாவலோட முதுகெலும்புன்னு சொல்றாங்க. பின்பாதி முழுக்க ஜோசப்போட குற்ற உணர்ச்சிதான். அத எடுத்தா ஒண்ணுமே நிக்காது. மார்ச்ல கொடுக்கணும்."

"அப்போ எடுக்க வேண்டாம்."

"எடுக்காம இருந்தா நைனா கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டே இருப்பார்."

தனக்கோடி அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "உங்க நைனாவ வுடு. அந்த அண்ணன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது நான்? ஒரு நாள் அவரு பட்டினியா போனதில்ல இந்த வீட்ல இருந்து."

சனிக்கிழமை சாயங்காலம் டொமினிக் வீட்டுக்குப் போனோம். சங்கமித்ரா தனியாகப் போகத் தயங்கினாள். என்னைக் கூப்பிட்டாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. உள்ளே மாவு வாசனை. டொமினிக்கின் மனைவி லீனா அக்கா கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்துகொண்டிருந்தார். பிசைந்த மாவைச் சிறு உருண்டையாக எடுத்து, முள் கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். சோழி மாதிரி வரும். பிறகு எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடுவார்கள்.

"வா மித்ரா. யாரு வந்தாலும் இந்த மாசம் சும்மா உக்கார வுட மாட்டேன். இந்தா முள் கரண்டி. தம்பி, நீயும்."

எங்கள் கையில் முள் கரண்டிகள் வந்தன. டொமினிக் ஏற்கெனவே உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார். பெரிய கைகள். உள்ளங்கை முழுக்கக் கயிறு தேய்த்த தடிப்பு. ஆனால் அவர் சுருட்டியதுதான் சிறியதாகவும் நேர்த்தியாகவும் இருந்தது. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா," என்றாள் சங்கமித்ரா.

"ம்."

"அது நீங்க இல்ல மாமா. கதைக்காக."

"உங்கப்பனுக்குக் கயிறு புடிக்கிறவன் எத்தினி பேரு?"

"ஒருத்தர்."

"அப்போ அது யாரு?"

அவள் முள் கரண்டியில் மாவை அழுத்தினாள். ஒரு கல்கல் உடைந்தது. லீனா அக்கா அதை எடுத்து மறுபடி மாவில் சேர்த்தார்.

"உங்கப்பன சாவடிச்ச, சரி. உன் அப்பன், உன் கதை. ஆனா யாரு கையில இருந்து சாவடிச்ச?" டொமினிக்கின் குரல் உயரவில்லை. "மேல நிக்கறப்போ என் போன் எங்க இருக்கும் தெரியுமா? வேன்ல. டிரைவர்கிட்ட. எங்கம்மா செத்த சேதியே சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். எத்தினி தபா உங்க வீட்ல அத சொல்லிகிறேன்?"

"நான் மாத்திடறேன் மாமா. போன் வேண்டாம். முடிச்சு சரியாத்தான் இருக்கு. கயிறு நைஞ்சிருக்குன்னு வெச்சிக்கலாம்."

"காலைல கயித்த அடி அடியா தடவிப் பாக்கறது யாரு?"

"சுவர் விளிம்புல உராஞ்சி அறுந்துடுது."

"விளிம்புல சாக்கு மடிச்சிப் போடறது யாரு?"

"அவர் பெல்ட் மாட்டாம உட்கார்ந்துட்டார். அவர் தப்பு."

"பெல்ட் மாட்டாதவன எறக்கி வுட்டது யாரு?"

"திடீர்னு காத்து."

"காத்தப் பாத்து வேலைய நிறுத்தறது யாரு?"

"எல்லாமே இவருதான்," என்றார் லீனா அக்கா. "பாத்ரூம் பல்பு மாத்தறது மட்டும் யாருன்னு தெரியல. அக்டோபர்ல இருந்து தேடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானே கொஞ்சம் திடுக்கிட்டேன். டொமினிக் மனைவியை முறைத்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார்.

சங்கமித்ரா முள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நைனாவ சாகடிக்கவே முடியாதா மாமா?"

"என் கயித்துல முடியாது."

அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. கடையில் இல்லாத பொருளை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எண்ணெய் காய்ந்துவிட்டது. லீனா அக்கா முதல் ஈடு போட்டார். சங்கமித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மேல இருக்கிறப்போ அவருக்கே ஏதாவது ஆனா? நெஞ்சு வலி மாதிரி?"

டொமினிக்கின் கை நின்றது.

"கயிறு நல்லா இருக்கு. முடிச்சு, பெல்ட், எல்லாம் சரி. அவருக்கு மட்டும் முடிஞ்சிடுது. பலகையில உட்கார்ந்தபடியே. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"எறக்குவேன்."

"எப்படி?"

டொமினிக் உருண்டையைத் தட்டில் வைத்தார். "தட்டு வராதே," என்றார். "தட்டாதவன எறக்கினதில்ல நான். எங்க நிறுத்தறது, எப்போ வுடறது, எல்லாம் அவன்தான் சொல்வான். எனக்கு மேல இருந்து அவன் தலை கூடத் தெரியாது. கயிறுதான் தெரியும்."

"எறக்க முடியுமா மாமா?"

"வுட்டுட்டா வருவேன்?" என்று கேட்டார். கோபம்போல இருந்தது, ஆனால் இல்லை. "முடியும். மெதுவா. ரொம்ப மெதுவா முடியும்."

"எனக்கு அது எப்படின்னு தெரியல. பார்த்தாதான் எழுத முடியும்."

"அதெல்லாம் பேடா, வேணாம். எவனும் பாக்கறதுக்குன்னு அத செய்ய மாட்டான். மாவு காயுது, சுருட்டு."

சுருட்டினோம். போகும்போது லீனா அக்கா சூட்டோடு ஒரு பொட்டலம் கொடுத்தார். டொமினிக் வாசல் வரை வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா இட்லிக் கடையை எடுத்து வைத்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். டொமினிக் கோயில் சட்டையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, கழுத்து வரை பட்டன். ஒரு தோளில் கயிற்றுச் சுருள். கையில் பலகை.

"எவன் பொணம்?" என்றார் வாசலிலிருந்தே.

அப்பாதுரை பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்தார். "நான்தானே. வேற யாரு? என் சாவு."

"நீ வேணாம். உன்னால சும்மா இருக்க முடியாது. நடுவுல தட்டுவ."

"தட்ட மாட்டேன்டா."

"பழக்க தோசத்துல கை தட்டிடும்."

"அவரு உக்காரக் கூடாது," என்றார் தனக்கோடி அக்கா. விளக்குமாறு கையில் இருந்தது. "விளையாட்டுக்குக் கூட வேணாம். நான் பாக்க மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பிய உக்கார வையுங்க. அவன் அசையாம இருப்பான். வந்ததுல இருந்து அப்படித்தான் இருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"உயரம் பயமா தம்பி?" என்றார் டொமினிக்.

"தெரியலை. போனதில்லை."

மொட்டை மாடிக்கு ஏறினோம். வீடு மூன்று மாடிதான். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சிமென்ட் தூண் ஒன்று இருந்தது. டொமினிக் அதைக் கையால் குத்திப் பார்த்தார், தோளால் தள்ளிப் பார்த்தார். கோயில் சட்டையைக் கழற்றி மடித்துத் துணிக்கொடியில் போட்டார். கயிற்றை அடி அடியாகத் தடவினார். அப்பாதுரை சாக்கைத் தேடி எடுத்து வந்து நான்காக மடித்துக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் வைத்தார். டொமினிக் அதை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்தார்.

"நான் மடிச்சா ஆவாதா?"

"உன் வேல கீழ, பலகைல."

வாரம் முழுக்க அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

இடுப்பில் பெல்ட் மாட்டினார்கள். அதற்குத் தனிக் கயிறு. கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பலகையில் உட்காரும்போது அப்பாதுரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கயித்துக்கும் நடுவுல சாஞ்சிக்கோ தம்பி. தலையத் தொங்கப் போடு. காலு செவுத்துல உதைக்கக் கூடாது. செத்தவன் உதைக்க மாட்டான்."

"சரிண்ணா."

"கண்ண மூடிக்கோ."

சங்கமித்ரா தெருவில் நின்றாள். அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார். தெருவில் போனவர்கள் சிலரும் நின்றார்கள். யாரோ கன்னடத்தில் என்ன ஷூட்டிங்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார் அக்கா.

கயிறு நகர்ந்தது.

இறங்குகிறேன் என்று முதலில் தெரியவில்லை. சுவரின் ஈர வாசனை மாறியது, அவ்வளவுதான். கொஞ்சம் விட்டு நின்றது. மேலே டொமினிக் மூச்சு விடுவது கேட்டது. மறுபடி கொஞ்சம். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியதும் இல்லை. என் எடை முழுக்க இன்னொருவர் கையில் இருந்தது.

வைஷ்ணவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏழாவது மாடியிலிருந்து இறக்கியபோது ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. படி வழியாக இறக்கினார்கள். அவசரம். திருப்பத்தில் ஒவ்வொரு தடவையும் சுவரில் இடித்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வேகமாகப் போக வேண்டியிருந்தது, வேகமாகப் போனார்கள்.

இங்கே அவசரம் இல்லை. ஒரு விரல் அளவு. நிறுத்தம். ஒரு விரல் அளவு.

நடுவில் கண்ணைத் திறந்தேன். என் ஜன்னலுக்கு நேராக இருந்தேன். அந்த அறையை வெளியிலிருந்து நான் பார்த்ததில்லை. கட்டில், கொடியில் இரண்டு சட்டை, மேசை மேல் தண்ணீர் பாட்டில், முந்தின நாள் கொண்டுவந்த கல்கல் பொட்டலம். பொட்டலம் பிரிந்திருந்தது. யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி இருந்தது. கயிறு இறங்கியது. ஜன்னல் மேலே போனது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

தெருச் சத்தம் நெருங்கியது. ஸ்கூட்டர், குக்கர் விசில், ஒரு குழந்தையின் அழுகை. முதலில் செருப்பு தரையைத் தொட்டது, பிறகு பாதம். முழங்கால் தானாக மடிந்தது. தோளில் இரண்டு கைகள் பட்டன. ஈரக் கை அக்காவுடையது.

"புடிச்சாச்சா?" என்று மேலே இருந்து டொமினிக்கின் குரல்.

"புடிச்சாச்சு அண்ணா."

"தலைய?"

"தலையும் புடிச்சாச்சு."

அதற்குப் பிறகுதான் கயிறு தளர்ந்தது.

சங்கமித்ரா என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. "பின்பாதி முழுக்கப் போச்சு," என்றாள். "நூத்தி இருபது பக்கம். எல்லாத்தையும் திரும்ப எழுதணும். மேடம்கிட்ட டைம் கேக்கணும்."

"பரவாயில்லையா?"

"ஜோசப் எறக்கிட்டாரே," என்றாள். "இனிமே அவருக்கு எதுக்குக் குற்ற உணர்ச்சி?"

மேலே இரண்டு தலைகள் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தெரிந்தன.

"எப்படி தம்பி இருந்துச்சு என் சாவு?" என்று அப்பாதுரை கத்தினார்.

"நல்லா இருந்துச்சு அண்ணா."

"கேட்டுக்கினியாடா? நல்லா இருந்துச்சாம்."

டொமினிக் அவரைக் கவனிக்கவில்லை. "மித்ரா, பாத்துக்கினியா?"

"பாத்தேன் மாமா."

"எழுதறப்போ அந்த ஜோசப்பு கீசப்பு வேணாம். என் பேரப் போடு. டொமினிக்னே போடு."

"சரி மாமா."

"அப்போ என் பேரு?" என்றார் அப்பாதுரை. "எனக்கு மட்டும் ராஜுவா?"

"நீதான் செத்துட்டியே. உனக்கு இன்னாத்துக்குப் பேரு?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஒன்றும் புரியாமலே. அப்பாதுரையும் சிரித்தார். கூட்டம் எரநூறுக்குக் குறையக் கூடாது, அதை மட்டும் எழுதிக்கொள் என்று மகளிடம் கத்தினார். தனக்கோடி அக்கா என் இடுப்பில் இருந்த பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். "வெயிட்டே இல்ல இந்தப் புள்ள," என்று முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வண்டியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போனேன். வழக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டு போவேன். அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மஞ்சள் கட்டடம் வந்தது. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. பாதிச் சுவர் புதிய மஞ்சள், பாதி சிமென்ட். இரண்டும் சேரும் இடத்தில் பலகையில் ஓர் உருவம் கையை மேலும் கீழும் வீசி அடித்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடி விளிம்பில் ஒரு தலை மட்டும் தெரிந்தது.

பாலத்தில் வண்டிகள் நெரிசலில் ஊர்ந்தன. அதனால் கொஞ்ச நேரம் பார்க்க முடிந்தது. பலகை ஒரு மாடி இறங்கியது. அந்தத் தலை எங்கும் திரும்பவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.